இரண்டு பொட்டு வைத்த வரைபடம்

உம் மேசை இழுப்பறையில், வேதாகமத்துக்குப் பக்கத்தில் இருந்த தகரச் சிமிழைப் போன வாரம் உம் வீட்டம்மா எடுத்துவந்து என்னிடம் தந்தார்கள். திறந்தால் குங்குமம். நெற்றியில் ஒருநாளும் பொட்டு வைக்காத மனுஷன் வீட்டில் இத்தனை வருஷமாகக் குங்குமம்! சிமிழ் இப்போது என் வரைமேசையில் இருக்கிறது.

பிரசவ ஆஸ்பத்திரி கட்டினோமே, அந்த வேலையில் நான் வரைகிறவன், நீர் ஓவர்சியர், கட்டியவர் சுடலைமுத்துக் கொத்தனார். ஆடித்தபசுத் திருவிழாவுக்கு முன்னால் திறந்தாக வேண்டும் என்று மேலிடத்தில் கெடு வைத்துவிட்டார்கள். அஸ்திவாரத்துக்கு வானம் தோண்டிய பிறகு டாக்டரம்மா வந்து, கட்டிலோடு பிள்ளைத்தாய்ச்சியைக் கொண்டுபோக இந்த வாசல் போதாது, அகலமாக்குங்கள் என்றார்கள். நான் மாற்றி வரைந்தேன். நீர் புது வரைபடத்தைக் கொத்தனாருக்கு அனுப்பினீர். பிறகு போய்ப் பார்த்தால் சுவர் தலைக்கு மேல் நிற்கிறது, வாசல் பழைய அளவில்!

எனக்குக் கண்மண் தெரியாத கோபம். "இவன இன்னைக்கே அனுப்பும்வே" என்று குதித்தேன். மேலிடமும் கொத்தனார் மேல் தப்பு என்று எழுதித் தரச் சொன்னது. எழுதியிருந்தால் அவருக்கு அப்புறம் இந்தப் பக்கத்தில் எவன் வேலை கொடுப்பான்? நீர் ஒருத்தர்தான் அவரிடம் போய் ஏன் என்று கேட்டீர்.

"பூசைல வச்ச பிளான் இதுதானய்யா" என்று மஞ்சள் கறையும் ஒரு குங்குமப் பொட்டும் படிந்த பழைய தாளை நீட்டினார் சுடலைமுத்து. "புதுசுல பொட்டு இல்லையே. சும்மா வரைஞ்சு பாத்த தாளுன்னுல்லா நெனச்சேன்."

நான் தலையில் அடித்துக்கொண்டேன். நீர் சிரிக்கவுமில்லை, திட்டவுமில்லை. என்னைப் பார்த்து, "மாத்துனது நீரு, அனுப்புனது நானு. வாங்குனவன் மட்டும் வீட்டுக்குப் போணுமாவே?" என்றீர். மேலிடத்துக்கு நீர் எழுதியதில் கொத்தனார் பெயரே கிடையாது. தப்பு நம் முறையில் என்று எழுதினீர்.

மறுநாளே நீர் சட்டம் போட்டீர். முதல் வரைபடத்துக்கு ஒரு பொட்டு, மாற்றினால் இரண்டு, மறுபடி மாற்றினால் மூன்று. டாக்டரம்மா, ஆசாரி, கொத்தனார் எல்லோரும் சுற்றி நின்று பார்த்து, சரி என்ற பிறகே பொட்டு. பழைய தாளைத் திருப்பித் தராதவனுக்குப் புதுசு கிடையாது.

"வேதக்கோயில்ல கேட்டா என்னவே சொல்லுவீரு?" என்று சீண்டினேன்.

"ஆண்டவரும் தச்சன் வீட்டுப் பிள்ளைதான்வே. புரிஞ்சுக்கிடுவாரு."

இடித்துக் கட்டியும் தபசுக்கு முன்னால் திறந்தோம். கட்டிலைச் சாய்க்காமல் நேரே உள்ளே கொண்டுபோனதை நான் நின்று பார்த்தேன். அப்புறம் சிவகிரிப் பள்ளிக்கூடம், திருவேங்கடத்து நெல் கிட்டங்கி என்று எங்கே வேலை நடந்தாலும் ஆள்கள் முதலில் கேட்பது, "எத்தன பொட்டுய்யா?" என்பதுதான். கேட்கும்போதெல்லாம் உம் சிநேகிதன் என்று சொல்லிக்கொள்ள எனக்குப் பெருமை தாங்காது.

போன வாரம் உம் கல்லறைக்கு வரைந்து கொடுத்தேன். உம் வீட்டம்மா பார்த்துவிட்டு, "அகலமாக்குங்கண்ணே, எனக்கும் அங்கனயே இடம் விடணும்லா" என்றார்கள். மாற்றி உம் வீட்டுக்குக் கொண்டுபோனேன். கல்லறை கட்ட வந்திருந்த சுடலைமுத்து தாளை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார்.

"ரெண்டாவது பொட்டு இல்லாமக் கரண்டியத் தொட மாட்டேன்யா. ஓவர்சியரய்யாவுக்கு நான் தப்பாக் கட்டிறக் கூடாது."

கல்லறைத் தோட்டத்து வேலைக்குக் குங்குமமா என்று நான் தயங்கி நின்றேன். உம் வீட்டம்மா உள்ளே போய் இந்தச் சிமிழோடு வந்தார்கள். "வைங்கண்ணே. இதுக்குன்னுதான் அவுக வச்சிருந்தாக." நீர் போனபின் அன்றைக்குத்தான் அவர்கள் முகத்தில் சிரிப்பைப் பார்த்தேன்.

வைத்தேன். பழைய தாளைச் சுடலைமுத்து அங்கேயே என் கையில் திருப்பித் தந்துவிட்டார். இரண்டு பொட்டுவே. நீர் போட்ட சட்டத்தில் ஒன்றும் பிசகவில்லை.