பேசாமல் இருந்த தினுசு

என் செல்ல மகளுக்கு,

உன் மாமனார் வந்தபோது நான் அவசரத்தில் மாட்டிய சட்டையின் உள்பக்கம் வெளியே தெரிய நின்றேன். அந்தக் கோலத்தில்தான் பேச்சுவார்த்தை நடந்தது.

"நீங்க பேசாம இருங்கப்பா, நான் பாத்துக்கறேன்" என்று நீ ஹாஸ்டலிலிருந்து போனில் சொன்னபடியே இருந்தேன். பொறுமையாக இருப்பதாக எனக்கு நினைப்பு. "கல்லுளிமங்கனாட்டம் நிக்கறீங்களே!" என்று உன் அம்மா இடித்தாள். உன் மாமனாரோ சம்மதம் என்றே எடுத்துக்கொண்டார். "சம்பந்தி தங்கமானவர், வாயே திறக்கல. ஞாயித்துக்கிழமை ஹாஸ்டலுக்கே போய் மருமகள எங்க வீட்டுக்கு அழைச்சிட்டுப் போயிடறோம்" என்று கிளம்பிவிட்டார்.

வாயை மூடுவதில் இத்தனை தினுசா? எட்டாவதோடு நின்றவனுக்கு எரிச்சல்தான் வருகிறது. அடுத்த தடவை எந்த தினுசு என்று சேர்த்துச் சொல்லம்மா.

உனக்குக் கொடுத்த வாக்கால் தொண்டையிலேயே நின்றுபோனது இதுதான்: "உங்க பையன் கை ஓங்கின வீட்டுக்கு என் பொண்ணு வரமாட்டா."

இப்படிக்கு,
உன் அப்பா