ஹத்தா தண்ணீரில் நீ சிரித்த படம்

அன்பு மச்சான் தங்கையாவுக்கு,

நீ போய் இன்றோடு முப்பத்திரண்டு நாளாகிறது. பேனாவைத் திறந்ததும் கை பழக்கத்தில் "நலம், நலமறிய ஆவல்" என்று எழுதிவிட்டது. அதை அடித்துவிட்டு வேறு தாள் எடுத்தேன். செத்தவனுக்குக் கடிதம் எப்படி ஆரம்பிப்பது என்று இந்த ஜெபல் அலி கேம்பில் யாரைப் போய்க் கேட்பேன்?

முதலில் இங்கத்திச் சேதி. உன் கட்டிலைத் துறையூர்க்காரன் ஒருத்தனுக்குக் கொடுத்துவிட்டார்கள். உன் பிக்கப்பும் அவன் கையில்தான். வண்டி ஓட்டுகிறானா மாவாட்டுகிறானா என்று தெரியவில்லை, பின்னால் உட்கார்ந்தவனுக்குக் குடல் வாய்க்கு வந்துவிடுகிறது. நீ ரெண்டு வருஷமாகக் கத்திக் கத்திக் கேட்ட ஏசியைப் போன வாரம் மாற்றிவிட்டார்கள். புது ஏசி ஓடுகிறபோதெல்லாம் எனக்கு ஆத்திரமாக வருகிறது.

செவ்வாய்க்கிழமை உன் வீட்டுக்காரி பவுனம்மாவிடமிருந்து கடிதம் வந்தது. "அண்ணனுக்குப் பவுனம்மா எழுதிக்கொண்டது" என்றுதான் எப்போதும்போல ஆரம்பித்திருக்கிறாள். காரியமெல்லாம் ஒரு குறையுமில்லாமல் நடந்ததாம். உன் தம்பி முத்தையாதான் முன்னால் நின்று செய்தானாம். ஆனால் உன் பெயரை ஒரு தடவை கூட வாய்விட்டுச் சொல்லவில்லையாம்.

இப்போது ஒரு படத்தில் வந்து நிற்கிறது விஷயம். கூடத்தில் உங்கள் அப்பா படத்துக்குப் பக்கத்தில் உன் படத்தை மாட்ட வேண்டும் என்று பவுனு ஆசைப்படுகிறாள். பாஸ்போர்ட் படத்தில் நீ போலீஸ் பிடித்துக்கொண்டு வந்த ஆள் மாதிரி இருக்கிறாய். மற்றபடி நீ மனுஷனாகத் தெரிகிற படம் ஒன்றே ஒன்றுதான், ஹத்தாவில் நான் எடுத்தது. இடுப்பளவு தண்ணீரில் நின்று, தலையைப் பின்னால் சாய்த்துச் சிரிக்கிறாயே, அது.

"அந்தப் படம் இந்த வீட்டுச் சுவத்துல ஏறாது. அப்பா எரிஞ்சுக்கிட்டிருந்த நேரத்துல சிரிச்ச சிரிப்பு அது" என்று முத்தையா சொல்லிவிட்டானாம். "வேற படம் ஏதாச்சும் இருந்தா அனுப்புங்கண்ணே, உங்களுக்குக் கோடிப் புண்ணியம்" என்று பவுனு கேட்டிருக்கிறாள். என்னிடம் வேறு படம் இல்லை மச்சான். உன்னிடம் சொல்லாத ஒரு விஷயம்தான் இருக்கிறது.

எண்பத்து மூன்றில் நடந்தது. மூன்று மாதம் கெஞ்சி, மேனேஜரிடம் ஒரு வெள்ளிக்கிழமைக்குப் பிக்கப்பை வாங்கினோம். ஹத்தாவுக்குப் போவோம் என்று சொன்னவன் நீதான். சிமெண்டு இறக்கப் போனபோது பார்த்துவிட்டு வந்திருந்தாய். "பழைய கோட்டை, குன்று மேல காவல் கோபுரம், பேரீச்சந்தோப்பு, அதுக்குள்ள வாய்க்கா ஓடுது மாப்ள! அதைத் தாண்டிப் போனா மலைப் பாறைக்கு நடுவுல தெப்பக்குளம் மாதிரித் தண்ணி கெடக்கு. இந்த ஊர்லயும் தண்ணி இருக்குடா!" என்று குதித்தாய். ரூமில் பதினொரு பேர், லைசென்ஸ் உள்ளவன் நீ ஒருத்தன்.

அதற்கு முந்தின வியாழக்கிழமை. ஆபீசில் கிளார்க்காக இருந்ததால் கம்பெனி தபால் எடுப்பது என் வேலை, போஸ்டாபீசுக்கு என்னைக் கூட்டிக்கொண்டு போவது உன் வேலை. நீ வண்டியிலேயே உட்கார்ந்திருந்தாய். நான் உள்ளே போய்ப் பெட்டியைத் திறந்தால், மேலேயே உன் பெயருக்கு ஒரு தந்தி. கேம்புக்கு வரும் தந்திகளைப் பிரித்து, படிக்கத் தெரியாதவர்களுக்குப் படித்துச் சொல்லி எனக்குப் பழகிவிட்டிருந்தது. பிரித்துவிட்டேன். அப்பா இறந்துவிட்டார், உடனே பதில் கொடு என்று முத்தையா அடித்திருந்தான்.

நான் வெளியே வந்தபோது நீ ஸ்டியரிங்கில் தாளம் போட்டுக்கொண்டிருந்தாய். "எனக்கு ஏதும் உண்டா மாப்ள?" என்றாய்.

"மாஃபி, ஒண்ணுமில்ல" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன்? நாலு வருஷமாக எனக்கு நானே ஒரு பதில் சொல்லி வந்திருக்கிறேன். வியாழக்கிழமை மதியத்தோடு ஆபீசைப் பூட்டிவிட்டார்கள், உன் பாஸ்போர்ட் மேனேஜர் அலமாரிக்குள், மேனேஜர் பஹ்ரைனில். சனிக்கிழமை வரை நீ தலைகீழாக நின்றாலும் நகர முடியாது. ரெண்டு நாள் கேம்பில் சுவரில் முட்டிக்கொண்டு அழுவதற்கு, ஒரு நாள் தண்ணீரில் கிடந்துவிட்டு அழட்டுமே என்று பாவப்பட்டேன். இது நிஜம்தான். ஆனால் பாதி நிஜம்.

மீதியையும் சொல்லிவிடுகிறேன். நீ வராவிட்டால் வண்டி எடுக்க ஆள் இல்லை. பதினோரு மாதமாக மணலையும் கண்டெய்னரையும் தவிர வேறு எதையும் பார்க்காத கண் எனக்கு. ஒரு மலையைப் பார்க்க வேண்டும், ஒரு பச்சையைப் பார்க்க வேண்டும் என்று எனக்குப் பைத்தியமே பிடித்திருந்தது. உன் அப்பாவின் சாவு என் வெள்ளிக்கிழமையைக் கெடுத்துவிடுமே என்று எரிச்சல்பட்டேன் மச்சான். தூ, நானும் ஒரு மனுஷனா!

வெள்ளிக்கிழமை விடிந்ததும் கிளம்பினோம். சிவப்பு மணல் மேடுகள் வந்தபோது பின்னால் இருந்தவர்கள் விசில் அடித்தார்கள், மலை கண்ணில் பட்டபோது எல்லோரும் எழுந்து நின்றுவிட்டார்கள். கோபுரத்துக்குக் கீழே ஓர் அரபிக் கிழவர் நம்மைக் கூப்பிட்டு, பாய் விரித்து, பேரீச்சம்பழமும் கஹ்வா என்கிற அவர்கள் காப்பியும் கொடுத்தார். கிண்ணத்தை ஆட்டிக் காட்டினால்தான் போதுமென்று அர்த்தம் என்பது நமக்குத் தெரியாமல், அவர் ஊற்ற ஊற்ற நீ ஒன்பது கிண்ணம் குடித்துவிட்டு, "விட மாட்டேங்குறாருடா, காப்பாத்துங்கடா" என்று முழித்தாய். ஊரே சிரித்தது. நானும் சிரித்தேன். அதை நினைத்தால்தான் இப்போதும் கூசுகிறது.

பிறகு பாறைக்குளம். சரளைக்கல் பாதையில் வண்டியைத் தொட்டில் மாதிரி ஆட்டிக்கொண்டு போய்ச் சேர்த்தாய். பச்சைத் தண்ணீர், ரெண்டு பக்கமும் பாறைச் சுவர். நீ கைலியைத் தார்ப்பாய்ச்சிக் கட்டி, மேலிருந்து தொப்பென்று குதித்தாய். ஒவ்வொருத்தனாக எல்லோரும் இறங்கினார்கள். நான் மட்டும் கரையில் நின்றேன். தந்தி என் சட்டைப் பையில் இருந்தது. ரூமில் வைத்தால் யாராவது பார்த்துவிடுவார்கள் என்று கூடவே கொண்டுவந்திருந்தேன்.

"என்னடா, மாப்ள முறுக்கா? எறங்குடா!" என்று தண்ணீரை வாரி என் மேல் அடித்தாய்.

"சளி புடிச்சிருக்கு மச்சான்" என்று பையைக் கையால் பொத்திக்கொண்டு பின்னால் நகர்ந்தேன்.

"சளியாம்ல சளி! எங்கப்பா பாத்தாருன்னா, 'இத்தனை மைலு தாண்டிக் குளிக்கவாடா போனீங்க, கூறுகெட்ட பயலுகளா'ன்னு கேப்பாரு" என்று சொல்லிவிட்டு, உங்கள் அப்பா குரலிலேயே இருமிக் காட்டிச் சிரித்தாய். "இந்தா, இப்படியே ஒரு படம் எடு. அவருக்கு அனுப்புவோம்" என்றாய்.

எடுத்தேன். ஒரு கையால்தான், மறு கை பையைப் பொத்தியிருந்தது. என்ன அதிசயமோ, படம் ஆடவில்லை.

சனிக்கிழமை காலை தந்தியை உன் கையில் கொடுத்தேன். மேனேஜர் கொண்டுவந்ததாகச் சொன்னேன். நீ படித்துவிட்டு மண்ணில் உட்கார்ந்துவிட்டாய். லீவு கிடைக்கவில்லை. மூத்த மகன் பதில் கொடுப்பான், வருவானா மாட்டானா என்றாவது தெரியும் என்று ஐஸ்கட்டி வைத்து வெள்ளிக்கிழமை மதியம் வரை காத்திருந்தார்கள் என்பதும், பதில் வராமல் முத்தையா கொள்ளி வைத்தான் என்பதும் பிறகு வந்த கடிதத்தில் தெரிந்தது. உன் கொள்ளிக் கடனை நான் அல்லவா பிடுங்கிக்கொண்டேன்.

அதோடு விட்டேனா? அடுத்த வாரம் மன்னார்குடிக்காரர் ஒருத்தர் லீவில் போனார். நம் வழக்கப்படி எல்லோருடைய வீட்டுக்கும் அவர் கையில் பொதி கொடுத்தனுப்பினோம். ஹத்தா படங்களைக் கழுவி வாங்கி, பதினோரு கவரில் பிரித்துப் போட்டவன் நான். என் பாழாய்ப்போன ஆபீஸ் புத்தி, ஒவ்வொரு படத்தின் பின்னாலும் இடமும் தேதியும் எழுதினேன். உன் படத்துக்கும் எழுதி, கவரில் போட்டு, ஒட்டியும் கொடுத்துவிட்டேன். நீ அழுதுகொண்டிருந்தாய், உன்னைக் கேட்கக்கூட இல்லை. படத்தைத் திருப்பிப் பார்த்த முத்தையாவுக்கு அந்தத் தேதி போதுமானதாக இருந்தது.

இதெல்லாம் உனக்குத் தெரியாது என்றே நினைத்திருந்தேன். நீ செத்த நாலாம் நாள் உன் பெட்டியைக் கட்ட உட்கார்ந்தேன். லைசென்ஸ் உறைக்குள் அந்தத் தந்தி நாலாக மடித்துக் கிடந்தது. அதன் மேல் துபாய் போஸ்டாபீஸ் முத்திரை, வியாழக்கிழமைத் தேதி. நான் கவனிக்கவே இல்லை மச்சான். கணக்காகத் தேதி எழுதுகிறவனுக்கு அந்த முத்திரை கண்ணில் படவில்லை. அந்த வியாழக்கிழமை வெளியே வண்டியில் உட்கார்ந்திருந்தவன் நீ. அதைப் பார்த்தவுடனே உனக்குப் புரிந்திருக்காதா?

அப்போதும்கூட, நீ பார்த்திருக்க மாட்டாய் என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன். செவ்வாய்க்கிழமை வந்த கடிதத்தில் பவுனு ஒன்று எழுதியிருக்கிறாள். அப்பா செத்த அடுத்த வருஷம் நீ லீவில் போயிருந்தபோது முத்தையா சட்டையைப் பிடித்து, "தந்தி எப்ப வந்துச்சு? உண்மையச் சொல்லு" என்று கேட்டானாம். நீ, "வியாழக்கெழமயே வந்துருச்சு. தப்பு என் மேலதான்" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டாயாம். "அவுரு அப்புடிப்பட்ட ஆளா அண்ணே? எனக்கு இன்னமும் நம்ப முடியல" என்று கேட்கிறாள்.

அடப்பாவி மனுஷா! ஏன் என் பெயரைச் சொல்லவில்லை? ஊரில் ஒருத்தர் காதில் விழுந்தால் அடுத்த வெள்ளிக்கிழமை கேம்பில் விழும், தந்தியை மறைத்தவன் என்று என் விசாவைக் கேன்சல் பண்ணுவார்கள், என் தங்கை கல்யாணம் நின்றுபோகும் என்றா யோசித்தாய்? திரும்பி வந்த பிறகும் ஒரே தட்டில்தானே சாப்பிட்டோம்? அந்த வருஷம் எனக்கு அம்மை போட்டபோது வேப்பிலைக்கு எங்கெங்கோ அலைந்தவன் நீதானே? ஒரு தடவை என் கன்னத்தில் பளாரென்று விட்டிருக்கலாமே. நான் அன்றைக்கே உன் காலைப் பிடித்திருப்பேன். மஞ்சள்காமாலையில் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது என் கையைப் பிடித்துக்கொண்டு ஏதோ சொல்ல வந்தாய். "பேசாதே, படு" என்று நான்தான் அடக்கினேன். அதைச் சொல்லத்தானா?

போன வெள்ளிக்கிழமை துறையூர்க்காரனைக் கூட்டிக்கொண்டு ஹத்தா போனேன். இப்போது கூட்டம் அதிகம். வெள்ளைக்காரக் குடும்பங்கள் கூடாரம் போடுகிறார்கள், பாகிஸ்தான் பட்டாணிகள் கோழி சுடுகிறார்கள், பிள்ளைகள் பாறையிலிருந்து குதிக்கிறார்கள். தண்ணீர் மட்டும் அதே பச்சை. இந்தத் தடவை நானும் இறங்கினேன். நீ நின்ற இடத்தில் நின்று வாய்விட்டு அழுதேன். துறையூர்க்காரன் பயந்துபோய், "என்னண்ணே, கால்ல கல்லு குத்திருச்சா?" என்றான். ஆமாம் என்றேன்.

லீவு கேட்டு வாங்கிவிட்டேன். பாஸ்போர்ட் கையில் இருக்கிறது. வருகிற புதன்கிழமை விமானம் ஏறுகிறேன். என் ஊருக்குப் போகுமுன் அறந்தாங்கியில் இறங்கி நேரே உன் வீட்டுக்குத்தான் போகிறேன். முத்தையா முன்னால் அந்தத் தந்தியை வைத்து, "உங்க அண்ணன் சிரிச்சப்ப அவனுக்கு எதுவும் தெரியாது, தெரிஞ்சவன் நான்தான்" என்று சொல்வேன். அடித்தால் வாங்கிக்கொள்கிறேன். ஊரைக் கூட்டினால் ஊர் முன்னாலும் சொல்கிறேன். சேதி இங்கே வந்து வேலை போனால் போகட்டும். நீ பட்ட நாலு வருஷத்துக்கு அது கால் தூசி பெறாது.

முத்தையாவைக்கூடச் சமாளித்துவிடுவேன். பவுனு முகத்தை எப்படிப் பார்ப்பது என்றுதான் தெரியவில்லை. எனக்குக் கூடப்பிறக்காத தங்கச்சி அவள். நான் வருகிறேன் என்று தெரிந்தால் கோழி அடித்துக் குழம்பு வைத்துவிடுவாள். உன் மேல் சத்தியமாகச் சொல்கிறேன், நீ சிரிக்கிற அந்தப் படம் உங்கள் அப்பா படத்துக்குப் பக்கத்தில் ஏறுகிறவரை உன் வீட்டில் நான் கை நனைக்க மாட்டேன்.

இப்படிக்கு,
எல்லாவற்றையும் கேட்ட பிறகும் பவுனு என்னை அண்ணன் என்று கூப்பிட்டால் உனக்கு மச்சான்,
கூப்பிடாவிட்டால் வெறும்
நடேசன்