சர்க்கரை இல்லாமல் சேகருக்கு ஒரு டீ

அக்கா,

காலையிலிருந்து அடுப்பில் பன்னீர் திராட்சை வெந்துகொண்டிருக்கிறது. தோல் வெடித்து, சாறு இறங்கி, பாத்திரத்தின் ஓரத்தில் கறுஞ்சிவப்பாக நுரை கட்டும்போது ஒரு வாசனை வருமே, அது வாசல் வரைக்கும் போய்விட்டது. குளித்துவிட்டு வந்த என் வீட்டுக்காரர் மூக்கை உறிஞ்சி, "இன்னிக்குப் பௌர்ணமியா?" என்று கேட்டார். அவர் காலண்டரைப் பார்க்கவில்லை. இந்த வீட்டில் பௌர்ணமி முதலில் அடுப்பில்தான் தெரிகிறது. நீங்கள் ஏற்படுத்திவிட்டுப் போன வழக்கம்.

முதன்முதலில் நீங்கள் எங்கள் வாசலில் வந்து நின்றது ஐஸ் கேட்டு. செங்கம் ரோட்டில் ஆசிரமத்தைத் தாண்டிய எங்கள் சந்தில் அப்போது ஃபிரிட்ஜ் இருந்தது எங்கள் வீட்டில் மட்டும். எதிர்வீட்டு மாடி அறைக்கு அரக்கோணத்திலிருந்து யாரோ தனியாகக் குடிவந்திருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டிருந்தேன். கையில் தூக்குவாளியோடு, "கொஞ்சம் ஐஸ்கட்டி கெடைக்குங்களா?" என்றீர்கள். யாருக்கோ காய்ச்சல் என்று நினைத்து நான் பதறினேன். "காய்ச்சல்லாம் இல்லீங்க. டீல போடறதுக்கு."

என் வீட்டுக்காரர் உள்ளேயிருந்து குரல் கொடுத்தார். "ஐஸ் போட்டுக் குடிக்கறதுக்கு எதுக்குங்க கொதிக்க வெக்கணும்? கேஸ் தண்டம்."

நீங்கள் சிரிக்கவில்லை. "எம்புள்ள இப்படித்தான் போடுவான்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனீர்கள்.

சேகரைப் பற்றிப் பிறகு கொஞ்சம் கொஞ்சமாகத்தான் சொன்னீர்கள். சமையல் படிப்பு படித்து பெங்களூரில் ஓட்டல் வேலைக்குப் போனவன். ரயில்வேயில் இருந்த அப்பா இறந்த பிறகு வேலையை விட்டு வீட்டுக்கு வந்தவன். வந்த கோடையில் உங்களுக்குத் தினம் மத்தியானம் ஐஸ் டீ போட்டுக் கொடுத்தான். தேயிலைத் தண்ணீரில் கறுப்புத் திராட்சைச் சாறும் எலுமிச்சையும் சர்க்கரையும் கலந்து, கண்ணாடி டம்ளரில் ஐஸ் மிதக்க மிதக்க. ஒரு நாள் காலை வீட்டை விட்டுப் போனவன்தான். "கதவ அறைஞ்சி சாத்திட்டுப் போயிருந்தான்னா கோவம்னு வெச்சிக்கலாம் செல்வி. தொறந்து வெச்சிட்டுப் போனான். அதான் எனக்குப் புரியல" என்றீர்கள்.

தீபத்துக்கு வந்துபோன உங்கள் தெருக்காரர் ஒருவர், கிரிவலப் பாதையில் காவி கட்டின சாமியார்களோடு சேகர் உட்கார்ந்திருந்ததைப் பார்த்ததாகச் சொல்லியிருக்கிறார். அந்த ஒரு வார்த்தைக்காக வீட்டைப் பூட்டிக்கொண்டு வந்துவிட்டீர்கள். வந்த அன்றே கோயில் கொடிமரத்தடியில் விழுந்து, சேகர் திரும்பி வருகிறவரைக்கும் வெள்ளைச் சர்க்கரையைத் தொடுவதில்லை என்று நேர்ந்துகொண்டீர்கள். தோசைக்குக்கூடச் சர்க்கரை தொட்டுச் சாப்பிடுகிறவர் நீங்கள். பிடித்ததைத்தானே விட வேண்டும்.

வந்து சில மாதங்கள் பாதையெல்லாம் நடந்து தேடினீர்கள். மடம் மடமாக, மரத்தடி மரத்தடியாக. கால் வீங்கி வந்து எங்கள் கூடத்தில் உட்கார்ந்த ஒரு சாயந்தரம்தான் அந்த யோசனையைச் சொன்னீர்கள். நாம் அவனைத் தேடிப் போக வேண்டாம். மலையைச் சுற்றுகிறவர்கள் எல்லோரும் செங்கம் ரோட்டை விட்டு வலப்பக்கம் திரும்புகிற முனையைத் தாண்டித்தானே ஆக வேண்டும்? பௌர்ணமிக்குப் பௌர்ணமி அங்கே நின்று எல்லோருக்கும் குடிக்க ஏதாவது கொடுப்போம்.

"மோர் ஊத்தலாமேக்கா" என்றேன்.

"மோர்னா வாங்குவான், குடிப்பான், போயிடுவான். குனிஞ்ச தலை நிமிராது. ஐஸ் டீன்னா இன்னாமா இதுனு கேக்கறதுக்காவது ஒரு நிமிஷம் நிப்பாங்க. அந்த ஒரு நிமிஷத்துல நான் மூஞ்சியப் பாத்துடுவேன். நான் உட்டுட்டாலும் அவன் நாக்கு உடாது. அவனோட ருசி அவனுக்குத் தெரியாதா?"

இங்கேதான் சிக்கல் வந்தது. அவனுடைய ருசி சர்க்கரை போட்ட ருசி. நீங்களோ சர்க்கரையை விட்டவர். ருசி பார்க்காமல் கலக்க முடியாது. ருசி பார்த்தால் நேர்த்திக்கடன் கெடும். சர்க்கரை போடாமல், சர்க்கரை போட்ட சேகர் டீயின் ருசியைக் கொண்டுவர வேண்டும். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். மளிகை மடித்து வருகிற பேப்பரை விரித்து விரித்துப் படித்துத் தேறியவள். ஒரு பரீட்சையும் எழுதாத எனக்கு அண்ணாமலையார் வைத்த பரீட்சை இதுதான் என்று நினைத்துக்கொண்டேன்.

முதலில் வெல்லம் போட்டோம். எலுமிச்சையும் சேர்ந்ததா, வாங்கினவர்கள் எல்லோரும் "பானகமா, குடும்மா" என்று ஒரே மூச்சில் குடித்துவிட்டு நடந்தார்கள். ஒருத்தர்கூட நிற்கவில்லை. நாட்டுச் சர்க்கரை போட்டால் நிறம் சேறு மாதிரி ஆனது. பனை வெல்லம் போட்ட அன்று ஒரு பெரியவர் வாங்கிப் பார்த்துவிட்டு, "சுக்கு காபி ஆறிப்போச்சும்மா, சூடு பண்ணிக் குடு" என்று திருப்பி நீட்டினார். அன்றைக்குத்தான் நீங்கள் இந்த ஊருக்கு வந்து முதல்தடவையாகச் சிரித்து நான் பார்த்தேன். ஜவ்வாது மலையிலிருந்து வருகிற தேனையும் விடவில்லை. டீ ஆறின பிறகுதான் ஊற்ற வேண்டும் என்று காத்திருந்து ஊற்றினோம். தேன் வாசனை முன்னால் வந்து நின்றுகொண்டு திராட்சையை உள்ளே விடமாட்டேன் என்றது.

பிறகு ஒவ்வொன்றாகப் பிடிபட்டது. தேயிலையைக் கொதிக்க விட்டால் கசக்கிறது, அந்தக் கசப்புதான் சர்க்கரை கேட்கிறது. அடுப்பை அணைத்துவிட்டுத் தூளைப் போட்டு மூடி, கொஞ்ச நேரத்தில் வடித்துவிட்டால் இனிப்பு பாதி போதும். சூட்டோடு ஃபிரிட்ஜில் வைத்தால் கலங்கிவிடுகிறது. வெளியே தானாக ஆற வேண்டும். இனிப்புக்கு என்ன செய்வது என்றுதான் தெரியாமல் இருந்தது. ஒரு நாள் நசுங்கிப்போன பன்னீர் திராட்சையை வீணாக்க மனமில்லாமல் நான் அடுப்பில் வைத்தேன். தண்ணீர்கூட விடவில்லை. சிறுதீயில் அதன் சாற்றிலேயே வெந்து, வடிகட்டி மறுபடி வைத்ததில் சுண்டிச் சுண்டிப் பாகு மாதிரி ஆகிவிட்டது. திராட்சையின் இனிப்பையே திராட்சைக்குப் போட்டோம். எலுமிச்சை பிழிந்ததும் கறுத்திருந்த டீ பளிச்சென்று சிவந்தது.

ஒரு ஸ்பூன் எடுத்து நாக்கில் விட்டுக் கண்ணை மூடிக்கொண்டீர்கள். உங்கள் முகத்தைப் பார்த்தபடி நான் கையைப் பிசைந்துகொண்டு நின்றேன்.

"கிட்ட வந்துடுச்சு செல்வி" என்றீர்கள்.

கடைசிவரைக்கும் அதற்கு மேல் நீங்கள் சொன்னதில்லை. ஒவ்வொரு பௌர்ணமிக்கும் அதே ஸ்பூன், அதே கண் மூடல், அதே வார்த்தை. "இதுதான்" என்று ஒரு நாளும் வரவில்லை.

ஆனால் ஜனம் நின்றது. "டீயா ஜூஸா? ஒரு முடிவுக்கு வாங்கம்மா" என்று கேலி பேசிக்கொண்டே இரண்டாவது டம்ளர் கேட்டார்கள். பக்கத்தில் நீர்மோர் ஊற்றின அம்மாவுக்குப் பொறுக்கவில்லை. "புண்ணியத்துக்கு வந்த எடத்துல ஸ்டார் ஓட்டல் தொறந்துட்டாங்கடியம்மா" என்றாள். நீங்கள் எதையும் காதில் வாங்கவில்லை. டம்ளரை நீட்டும்போது கொஞ்சம் தாழ்த்தியே பிடிப்பீர்கள், வாங்குகிறவர் குடித்து நிமிரும்போது முகம் வெளிச்சத்தில் விழுகிற மாதிரி. தாடி வைத்தவர் என்றால் இன்னும் தாழ்த்துவீர்கள். ஒரு தடவை காவி கட்டின ஒருவர் குடித்துவிட்டு, டம்ளரைத் திருப்பித் தராமல் வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். நீங்கள் அவர் மணிக்கட்டைப் பிடித்துவிட்டீர்கள். "சேகரா?"

அவர் உங்களைப் பார்த்த பார்வையை நான் மறக்கவில்லை. "இல்லம்மா" என்றார் மெதுவாக. கையை உருவிக்கொள்ளவும் இல்லை. நீங்களாக விடுகிறவரைக்கும் நின்றுவிட்டுத்தான் போனார்.

வருஷங்கள் அப்படியே போயின. பாதை அகலமாயிற்று, விளக்குகள் வந்தன, ஜனம் பெருகிப் பெருகிக் கடலாயிற்று. பால் கணக்கும் கேஸ் கணக்கும் பார்க்கிற புத்தி எனக்கு. அத்தனை தலைகளுக்கு நடுவே நம் ஒரு பாத்திரத்தை வைத்துப் பார்த்தால் எப்படிக் கூட்டினாலும் கணக்கு உதைத்தது. பாதி ஜனத்துக்கு நம்மிடம் டீ கிடையாது. மீதிப் பாதி சாலையின் அந்தப் பக்கம் நடந்தது. அவன் இந்த ஊரில் இருக்கிறானா என்பதே தெரியாது. உங்களிடம் இதைச் சொன்னதில்லை. உங்களுக்கும் தெரிந்துதான் இருந்தது.

உங்களுக்கு மூச்சு வாங்கத் தொடங்கியது. முனைக்கு மடக்கு நாற்காலி எடுத்துப் போனோம். பிறகு அதுவும் முடியவில்லை. ஆஸ்பத்திரியில் சேர்த்த அன்று நர்ஸ் பாட்டிலைத் தொங்கவிட்டுக் கையில் ஊசி ஏற்றினாள். நீங்கள் அவளைக் கேட்டீர்கள், "இது இன்னாமா?"

"குளுக்கோஸ் பாட்டி. தெம்பா இருக்கும்."

"சக்கரைத் தண்ணியா?"

"ஆமா, அப்படித்தான் வெச்சிக்கோயேன்."

அடுத்த நிமிஷம் ஊசியைப் பிடுங்கக் கையைக் கொண்டுபோனீர்கள். நர்ஸ் கத்த, நான் ஓடி வந்து உங்கள் கையைப் பிடித்துக்கொண்டேன். "அக்கா, நாக்குல பட்டாத்தான் விரதம் போவும். இது நாக்குக்கே தெரியாம போவுது." நீங்கள் யோசித்தீர்கள். "நெஜமாவா? நீ தெனம் கோயிலுக்குப் போறவ, உனக்குத் தெரியும்" என்று கையைத் தளர்த்திவிட்டீர்கள். பக்கத்துக் கட்டில்காரர்கள் ஹார்லிக்ஸ் ஆற்றிக் கொடுத்தபோது மட்டும் உதட்டைத் திறக்கவில்லை.

அந்தப் பௌர்ணமிக்கு என்னைத் தனியாக அனுப்பிவைத்தீர்கள். திரும்பி வந்து உங்கள் தலைமாட்டில் உட்கார்ந்தேன்.

"எல்லாரும் நின்னாங்களா?"

"நின்னாங்கக்கா."

"யாராச்சும் கொஞ்சம் ஜாஸ்தியா நின்னாங்களா?"

"இல்லக்கா."

"சரி" என்று முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டீர்கள். அடுத்த பௌர்ணமி உங்களுக்கு வரவில்லை.

சேகர் செய்ய வேண்டிய காரியங்களை உங்கள் தம்பி வந்து செய்தார். பதினாறாம் நாள் படையலுக்கு அவர் லட்டு வாங்கி வந்திருந்தார். "எங்கக்காவுக்கு இனிப்புன்னா உசுரு" என்று அழுதார். நான் கண்ணாடி டம்ளரில் நம் டீயைக் கொண்டுபோய் வைத்தேன். லட்டு வேண்டாம், நேர்த்தி இன்னும் முடியவில்லை என்று சொல்லிப் பார்த்தேன்.

"செத்தப்புறம் இன்னாம்மா நேர்த்தி? உடு."

"அவங்க இருக்கற வரைக்கும்னு நேர்ந்துக்கலீங்க. அவன் வர வரைக்கும்னுதான் நேர்ந்துகிட்டாங்க."

அவர் இலையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். பிறகு லட்டையும் டீயையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். மொட்டைமாடியில் இலையை வைத்துக் கூப்பிட்டதும் காகம் வந்தது. டம்ளரின் விளிம்பில் ஒரு தடவை உட்கார்ந்து பார்த்தது. அப்புறம் லட்டைத்தான் கொத்தியது, அக்கா. பூந்தி உதிர உதிரக் கொத்தியது. உங்கள் தம்பி, "பாத்தியாம்மா, பாத்தியா" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

எனக்குக் கோபம் வரவில்லை. இத்தனை வருஷம் எவ்வளவு ஆசை இருந்திருக்கும் என்றுதான் தோன்றியது. உங்களை அண்ணாமலையார் அன்றைக்கு விடுவித்துவிட்டார். ஆனால் கொடிமரத்தடியில் சொன்ன வார்த்தை அந்தரத்தில் நிற்கிறதே, அதை யாராவது பிடித்துக்கொள்ள வேண்டாமா? அன்று மத்தியானம் உங்கள் தம்பி காபி கொடுத்தபோது சர்க்கரை வேண்டாம் என்று சொன்னேன். இன்றுவரை அப்படித்தான்.

உங்களிடம் பொய் சொல்லிப் பழக்கமில்லை. எனக்கு நம்பிக்கை கிடையாது அக்கா. சாமியை நம்புகிறேன், அவன் வருவான் என்பதை நம்பவில்லை. சேகரை நான் பார்த்தது நீங்கள் முந்தானையில் முடிந்து வைத்திருந்த போட்டோவில்தான். மீசை அரும்பின முகம். இப்போது அவனுக்குத் தலை நரைக்கத் தொடங்கியிருக்கும். எதிரில் நின்று கையை நீட்டினாலும் எனக்குத் தெரியாது. முகத்தைக் கண்டுபிடிக்க இருந்தவர் நீங்கள் ஒருவர்தான். மிச்சம் இருப்பது இந்த டீ ஒன்றுதான். அதையும் நான் சர்க்கரை போட்டு அவன் கையால் குடித்தவள் இல்லை. நீங்கள் சொன்ன ருசியைத்தான் போடுகிறேன்.

திராட்சை சுண்டிவிட்டது. டீ வெளியே ஆறிக்கொண்டிருக்கிறது. வெயில் தாழ்ந்ததும் முனைக்குப் போக வேண்டும். பாத்திரத்தைத் தூக்க என் வீட்டுக்காரர் வருவார், கேஸ் தண்டம் என்று ஒரு தடவை சொல்லிவிட்டு.

உங்கள் ஸ்பூனில்தான் எடுத்தேன். கண்ணை மூடிக்கொண்டு நாக்கில் விட்டுப் பார்த்தேன். கிட்ட வந்திருக்கிறது என்றுதான் நினைக்கிறேன், அக்கா. எதற்குக் கிட்ட என்று சொல்லத்தான் யாரும் இல்லை.

உங்கள்
செல்வி