பென்சில் இல்லாத ஜனவரி

என் சரோஜாவுக்கு,

இந்த இரண்டு சொல்லை எழுத எனக்குக் கால் மணி நேரம் பிடித்தது. 'ஜா'வில் கொஞ்சம் தடுமாறினேன். நாற்பத்திரண்டு வருஷம் உன்னோடு குடித்தனம் நடத்தியவனுக்கு உன் பெயர் எழுத்தில் எப்படி இருக்கும் என்று தெரியாமலே போயிற்று. சிரிக்காதே. நான்தான் எழுதுகிறேன், என் கையாலேயே. நீ போய் ஒன்றரை வருஷம் ஆகிறது.

நம் அடுக்குமாடியின் கீழ்த்தளத்தில் பாலர் பள்ளி இருக்கிறதே, அங்கே இருக்கும் மங்கை டீச்சரிடம் போய்க் கேட்டேன். பிள்ளைகள் பன்னிரண்டு மணிக்கு வீட்டுக்குப் போன பிறகு எனக்கு ஒரு மணி நேரம் பாடம். பெரிய நாற்காலி கிடையாது. சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றில், முழங்கால் நெஞ்சில் இடிக்க உட்கார்ந்து 'அ' எழுதினேன். "ஐயா, நாற்காலிய உடைச்சிடாதீங்க. நாளைக்கு அதுல வேற மாணவர் உட்காரணும்," என்றார் டீச்சர்.

இப்போது லெபோ பாசார் கடைத்தெருப் பக்கம் போனால் எனக்குத் திருவிழா மாதிரி இருக்கிறது. போன வாரம் ஒரு ஜவுளிக்கடை வாசலில் நெடுநேரம் அண்ணாந்து பார்த்தபடி நின்றேன். கடைக்காரர் வெளியே வந்துவிட்டார்.

"என்ன பெரியவரே, என்ன வேணும்?"

"ஒண்ணும் வேணாம் தம்பி. போர்டு படிக்கிறேன்."

"போர்டுல அப்படி என்ன இருக்கு?"

"உங்க கடைப் பேரு. நல்ல பேரு."

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். இருபத்தெட்டு வருஷம் அந்தத் தெரு வழியாக வீடுகளுக்குப் போடும் சமையல் கேஸ் தோம்பு ஏற்றிக்கொண்டு போயிருக்கிறேன் சரோ. அந்தக் கடைக்கு ஒரு பெயர் இருப்பதே எனக்குத் தெரியாது. எனக்கு அது நீலக் கதவுக்கடை.

எல்லாம் எனக்கு அப்படித்தானே. பச்சை கேட், குரைக்கிற நாய், உடைந்த பூத்தொட்டி. சீனப் பெருநாளுக்கு எல்லாரும் கேட்டுக்குப் புதுச் சாயம் அடித்துவிட்டால் அந்த மாதம் முழுக்க எனக்குத் திண்டாட்டம். தோம்பைத் தோளில் வைத்துக்கொண்டு தப்பான வீட்டு வாசலில் நிற்பேன். கேட்டால் கண்ணாடியை மறந்துவிட்டேன் என்பேன். எனக்கு ஏது கண்ணாடி? நீ மட்டும் என்னைக் கேட்டதே இல்லை. கல்யாணப் பதிவில் நான் கட்டைவிரலை மையில் வைத்தபோதே உனக்குத் தெரிந்துவிட்டது.

நீ வேறு ரகம். பாயான் லெப்பாசில் ஜப்பான்காரர் தொழிற்சாலையில் நின்று வேலை பார்த்துக்கொண்டே அவர்கள் பேச்சைக் காதில் பிடித்துக்கொண்டாய். வேலையில் ஓய்வு பெற்ற பிறகு வீட்டில் காலை நீட்டி உட்காருவாய் என்று பார்த்தால், ஜாலான் பர்மா பக்கம் கடைவீட்டு மாடியில் லிம் டீச்சரின் ஜப்பானிய மொழி வகுப்பில் சேர்ந்துவிட்டாய். "எதுக்கு?" என்றேன். "பிடிச்சிருக்குங்க," என்றாய். அதற்கு மேல் நானும் கேட்கவில்லை.

முதல் வருஷம் ஜனவரி முதல் தேதி, என் காப்பிக் கோப்பைக்குப் பக்கத்தில் ஒரு பென்சிலை வைத்தாய். "நான் ஜப்பான் எழுத்தே கத்துக்கிட்டேன். நீங்க தமிழ் கத்துக்கக் கூடாதா? நான் சொல்லித் தர்றேன்." நான் என்ன சொன்னேன் என்று உனக்கு நினைவிருக்கும். "இந்த வயசுல எனக்கு ஆனா ஆவன்னாவா? சும்மா இரு லா." பென்சிலைத் தள்ளிவிட்டுக் காப்பியைக் குடித்தேன். அடுத்த ஜனவரியும் பென்சில் வந்தது. அதற்கடுத்த ஜனவரியும். நாலு முறை. நாலு முறையும் தள்ளினேன்.

ஐந்தாவது ஜனவரியில் பென்சில் இல்லை.

இதை உன்னிடம் நான் சொன்னதே இல்லை. அந்த வருஷம் சரி என்று சொல்லத்தான் இருந்தேன். அதற்கு முந்தின டிசம்பரில் நீ ஆஸ்பத்திரியில் இருந்தாயே, உன்னைப் பார்க்க வந்தவன் வார்டு தெரியாமல் மாடி மாடியாக ஏறி, பிள்ளை பெற்றவர்கள் இருக்கும் இடத்தில் போய் நின்றேன். ஆரஞ்சுப் பழப் பையோடு ஒரு கிழவன். அந்தப் பெண்கள் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். ஏதாவது ஒரு எழுத்தாவது நமக்குத் தெரிந்திருக்கக் கூடாதா என்று அன்றைக்குத்தான் வெட்கப்பட்டேன்.

அதனால் அந்த ஜனவரியில் காத்திருந்தேன். கோப்பையைத் தூக்கிப் பார்த்தேன். தட்டுக்கு அடியிலும் பார்த்தேன். "என்னங்க, எறும்பா?" என்றாய். "இல்ல," என்றேன். இவளும் என்னைக் கைவிட்டுவிட்டாள் என்று நினைத்தேன். வாயைத் திறந்து கேட்டிருக்கலாம் இல்லையா? கேட்கவில்லை. ஜூன் மாதம் நீ போய்விட்டாய். உன் சாவுப் பத்திரத்திலும் கட்டைவிரல்தான் வைத்தேன்.

உன் ஜப்பான் வகுப்பின் தடித்த பச்சை அட்டை நோட்டு அலமாரியில் இருந்தது. நமக்குள் ஏதாவது சச்சரவு என்றால் நீ அதை எடுத்துக்கொண்டுதான் ஜன்னல் பக்கம் போவாய். என்னைப் பற்றி அதில் என்ன எழுதி வைத்திருக்கிறாய் என்று பயந்தேன். கிள்ளானில் இருந்து மகள் வந்தபோது, "அப்பா, தமிழும் கலந்துதான் எழுதியிருக்காங்க. நான் படிச்சுக் காட்டவா?" என்றாள். "வேணாம்மா," என்றேன். திட்டாக இருந்தாலும் அதை நானே படிக்க வேண்டும். மங்கை டீச்சரிடம் போனதற்கு அதுதான் காரணம். அவரிடம்கூடச் சொல்லவில்லை.

போன மாதம்தான் நோட்டைத் திறந்தேன். ஜப்பான் எழுத்து எனக்குப் பூச்சி ஊர்ந்த மாதிரி இருந்தது. ஒவ்வொரு வரிக்கும் கீழே நீ தமிழில் எழுதி வைத்திருந்தாய். விரலை வைத்து, எழுத்தெழுத்தாகக் கூட்டிப் படித்தேன். 'கோசோ' என்று ஒரு பாடம். அதை அப்படியே இங்கே பார்த்து எழுதுகிறேன்:

"கோசோ: அழுத்திச் சொல்வதற்கு. நம் ஊர் 'லா' மாதிரி எங்கே வேண்டுமானாலும் ஒட்டக் கூடாது. கூட்டத்தில் ஒருத்தரை மட்டும் கையைப் பிடித்து முன்னால் நிறுத்துவது போல. யாராவது நன்றி சொன்னால், கொச்சிரா கோசோ. நான்தான் உங்களுக்குச் சொல்ல வேண்டும் என்று அர்த்தம். வருஷப் பிறப்பில், கொத்தோஷி கோசோ. இதுவரை முடியவில்லை, இந்த வருஷம் கண்டிப்பாக."

அதற்குக் கீழே ஜனவரி என்று போட்டு ஒரு வாக்கியம். "இந்த வருஷம் கண்டிப்பாக அவருக்கு எழுதச் சொல்லிக் கொடுப்பேன்." பக்கங்களைப் புரட்டினேன். அடுத்த ஜனவரியிலும் அதே வாக்கியம். நாலு ஜனவரி, நாலு முறை. ஐந்தாவது மட்டும் வேறாக இருந்தது. அதைப் படித்து முடிக்க ஒரு மத்தியானம் ஆனது. படித்த பிறகு சோறு எடுத்துப் போட்டுக்கொள்ளவும் தோன்றவில்லை.

"இந்த வருஷம் கண்டிப்பாக நான் கேட்க மாட்டேன். அவராகக் கேட்கட்டும்."

நீயும் காத்திருந்தாயா சரோ? ஒரே மேசைக்கு இரண்டு பக்கம் உட்கார்ந்து, ஆறு மாதம்?

மனம் கேட்காமல் நோட்டை எடுத்துக்கொண்டு லிம் டீச்சரைப் பார்க்கப் போனேன். பார்த்ததும் அவருக்கு நோட்டு அடையாளம் தெரிந்துவிட்டது. மலாயில்தான் பேசினோம். வருஷத்தின் முதல் வகுப்பில் எல்லாரும் ஒரு கொத்தோஷி கோசோ வாக்கியம் எழுதிப் படிக்க வேண்டுமாம். "வேறு ஏதாவது எழுதுங்கள் சரோஜா என்று ஒவ்வொரு வருஷமும் சொல்வேன். இது நடக்கட்டும், பிறகு வேறு எழுதுகிறேன் என்பார்," என்றார். கடைசி வருஷம் நீ மாற்றிப் படித்ததும் வகுப்பில் ஒருவர், அவர் கேட்கவே இல்லை என்றால் என்ன செய்வீர்கள் என்று கேட்டாராம். "கேட்பார். கொஞ்சம் மெதுவாகத்தான் வருவார்," என்று சொல்லிச் சிரித்தாயாம்.



இப்போது வீடு எப்படி இருக்கிறது என்று உனக்குச் சொல்ல வேண்டும். ஒரு கோப்பை காப்பிதான் கலக்குகிறேன். மின்தூக்கி அடிக்கடி கெட்டுப்போகிறது. காப்பித் தூள் பொட்டலத்தில் இருக்கும் தமிழைச் சத்தமாகப் படிக்கிறேன். சரியாகப் படித்துவிட்டால் நிமிர்ந்து பார்க்கிறேன். எதிர் நாற்காலியில் யாரும் இல்லை. இவ்வளவு சந்தோஷத்தை வைத்துக்கொண்டு ஒரு ஆள் என்ன செய்வது?

இந்தக் கடிதத்தைப் பத்திரிகைக்கு அனுப்பச் சொல்கிறார் மங்கை டீச்சர். நம் வீட்டு விஷயத்தை நாலு பேர் படித்தால் கோபித்துக்கொள்ளாதே. கேட்க வேண்டியதைக் கேட்காமல் உட்கார்ந்திருக்கும் யாராவது இதைப் படிக்கலாம்.

கடைசியாக ஆஸ்பத்திரியில் என் கையைப் பிடித்து, "ரொம்ப நன்றிங்க," என்றாய். நான் "ம்" என்று மட்டும் சொன்னேன். இப்போது சொல்கிறேன். கொச்சிரா கோசோ.

அடுத்த வாரம் ஜனவரி. முதல் தேதி காலையில் இரண்டு கோப்பை எடுத்து வைப்பேன். உன் கோப்பைக்குப் பக்கத்தில் பென்சிலை நானே வைப்பேன். அப்புறம் வாயைத் திறந்து, வீடு கேட்கும்படி, கண்டிப்பாகக் கேட்பேன்: சரோ, எனக்கு எழுதச் சொல்லிக் கொடு.

மெதுவாக வந்து சேர்ந்த உன் வீட்டுக்காரன்,
மாரிமுத்து
(இது கையெழுத்து. கட்டைவிரல் இல்லை.)