முகம் வெட்டிய காசும் மூன்று விரலும்

நேற்று, தோல் பதனிடும் நம் ஷாப்பில், பழைய சுண்ணாம்புக் குழியை இடித்தோம். அதன் சுவருக்குள் நீ வைத்துப் பூசிய ரோமாபுரிக் காசு மறுபடியும் வெளியே வந்துவிட்டது.

உன் தங்கை மகன்தான் அதை எடுத்துவந்து என் உள்ளங்கையில் வைத்தான். "சாச்சா, மாமு சொன்ன காசு இதானா பாருங்க" என்றான். உச்சி வெயில். குழி ஓரத்துச் செங்கல் மேல் வெறுங்காலை வைக்க முடியவில்லை. காசு மட்டும் சில்லென்று இருந்தது. அதிலிருந்த முகத்தைப் பார்ப்பதற்கு முன்பே அந்தக் குளிர்ச்சியை நான் அடையாளம் கண்டுகொண்டேன். கடைசியாக நீ என் விரல்களைப் பிடித்தபோது உன் கை அப்படித்தான் இருந்தது.

நான் பேய் பிசாசு பேசுகிற ஆள் இல்லை என்று உனக்குத் தெரியும். ஒடுகத்தூர்ச் சந்தையில் உப்புத் தோலை வாங்கி, தலையில் சுமந்துவந்து விற்று மேலே வந்தவன். எடை தெரியும், ஈரம் தெரியும், தோலைத் தொட்டால் ஆடு எதனால் செத்தது என்று தெரியும். கைக்குத் தெரியாத எதையும் நான் நம்புவதில்லை. என் தொல்லையே அதுதான். நான் சொல்லப்போகிற விஷயம் என் கைக்குத் தெரியும்.

பாலாற்றங்கரையில் நாம் இருவரும் கூட்டாக நிலம் பிடித்து முதல் குழி தோண்டிய நாள் உனக்கு நினைவிருக்கும். ரூபாய்க்கு எட்டணா நீ, எட்டணா நான், சரிபாதி. மண்வெட்டியில் டங்கென்று ஒரு சத்தம். பொன் காசு. அதில் ஓர் ஆளின் பக்கவாட்டு முகம், சுற்றிலும் எழுத்து. காதிலிருந்து மூக்கு வரைக்கும் உளியால் யாரோ ஓங்கி ஒரு வெட்டுப் போட்டிருந்தார்கள். நான் பல்லில் வைத்துக் கடித்துப் பார்த்தேன். நீ பிடுங்கி எச்சில் தொட்டுத் துடைத்தாய். வேலூர் மிஷன் காலேஜில் பாதியில் நின்றவன்தான் நீ. ஊருக்குக் கிளம்பிய துரை ஒருவர் வீட்டு ஏலத்தில் வாங்கிய ரோமாபுரிச் சரித்திரத்தை அட்டை கிழியும் வரை படித்திருந்தாய்.

"அரே, இவன் திபேரியுஸ்பா! ரோமாபுரி சக்கரவர்த்தி."

"பொன்னு எத்தினி குண்டுமணி தேறும், அதைச் சொல்லு."

"உன் புத்தி எங்க போவும்? இவன் வயசான காலத்துல ஒரு தீவுக்குப் போய் மலைமேல குந்திக்கினான். அங்கேருந்து கடுதாசி போட்டே ராஜ்ஜியத்தை ஆண்டான். சபையில கடுதாசியைப் படிப்பாங்களாம். முடியற வரைக்கும் யார் தலை போவும்னு யாருக்கும் தெரியாதாம்."

"ஆளே வராம எப்டி ஆள முடியும்?"

"எதிர்ல நிக்கிறவன்கிட்ட பயம் கம்மி. கண்ல படாதவன்கிட்டதான் ஜாஸ்தி."

அவனைப் பற்றி இன்னொன்றும் சொன்னாய். வரியை ஏற்றலாம் என்று கேட்ட அதிகாரிகளுக்கு, ஆட்டின் மயிரைத்தான் கத்தரிக்க வேண்டும், தோலை உரிக்கக் கூடாது என்று அவன் சொல்லி அனுப்பினானாம்.

"அப்ப நாம இன்னாத்த விக்கிறது?" என்று நான் கேட்டேன். நீ சிரித்த சிரிப்பில் குழிக்குள் விழப் பார்த்தாய்.

நான் அந்தக் காசைத் தட்டானிடம் கொண்டுபோகலாம் என்றேன். நீ விடவில்லை. அந்த வெட்டின் மேல் கட்டைவிரலை வைத்துத் தேய்த்துக்கொண்டே இருந்தாய். "இது நம்ம ஊர்க்காரன் எவனோ போட்ட வெட்டு. உன் பொன்னு செல்லும், உன் மூஞ்சி இங்க செல்லாதுன்னு அறுத்துட்டுப் புதைச்சிருக்கான். அவனை எழுப்ப வேணாம்பா" என்றாய். ஈரச் சாந்தில் காசை அழுத்தி, மேலே செங்கல் வைத்துப் பூசினாய். பொன்னைச் சுவருக்குள் வைத்துப் பூசிய கூட்டாளியோடு எப்படி வியாபாரம் பண்ணுவது என்று எனக்கு அன்றைக்குப் பேஜாராக இருந்தது.

ஆனால் நீ நன்றாகவே ஆண்டாய். ஆம்பூரில் மற்ற தோல்ஷாப்புகளில் கூலித் தகராறு வந்து வேலை நின்றபோதும் நம்முடையதில் நிற்கவில்லை. தோல் ஊறவைக்கும் ஆவாரம்பட்டை விலை ஏறினால் நம் லாபத்தில் கைவைத்தாய், கூலியில் வைக்கவில்லை. "மயிரு மட்டும்" என்று என்னைப் பார்த்துக் கண்ணடிப்பாய்.

ரோமாபுரிக் கதைகளில் நீ அடிக்கடி சொன்னது வாரிசுக் கதைதான். தொடர்ந்து சில சக்கரவர்த்திகள், பெற்ற பிள்ளை இல்லாததால், தகுதியான ஒருவனைப் பிள்ளையாக எடுத்து நாட்டைக் கொடுத்தார்களாம். நாடு நன்றாயிருந்ததாம். அந்த வரிசையில் கடைசியாக வந்த மார்க்கஸ் அவுரேலியஸ் எல்லாரையும்விட நல்லவன், படித்தவன். அவனுக்கு மட்டும் சொந்தப் பிள்ளை இருந்தான். பிள்ளைக்கே கொடுத்தான். அந்தக் கொம்மோடஸ் கோதாவில் இறங்கி மிருகங்களைக் கொன்று ஜனங்களுக்கு வேடிக்கை காட்டினான். கடைசியில் அவனையே கொன்றார்கள். செத்த பிறகு அவன் முகத்தைச் சிலைகளிலும் பெயரைக் கல்லிலும் செதுக்கி எடுத்தார்கள்.

"அதுக்கப்புறம் வந்தவனையும் காவல்காரங்களே கொன்னுட்டு, மதில்மேல ஏறி ராஜ்ஜியத்தை ஏலம் விட்டாங்கபா. ஜாஸ்தி கேட்டவனுக்குக் குடுத்தாங்க."

"துண்டு போட்டா?"

"இல்ல, வாயால கூவி."

"ஊரறிய விலை கூவினானா? அவன் தேறவே மாட்டான்."

"தேறல. சீக்கிரமே அவன் தலையும் போச்சு" என்றாய். "இதுக்குத்தான் உன்னைக் கூட்டாளியா வச்சிருக்கேன்."

நம் தொழிலில் பேரம் வாயால் நடப்பதில்லை. வாங்குகிறவனும் விற்கிறவனும் கையைக் கோத்து, மேலே துண்டைப் போட்டு மூடிக்கொள்வோம். வாய் மழையைப் பற்றிப் பேசும். துண்டுக்குள் விரல் விலை பேசும். ஒரு விரலைப் பிடித்தால் ஒன்று, நாலைப் பிடித்தால் நாலு, முழுக் கையையும் பிடித்தால் ஐந்து. பக்கத்தில் நிற்பவனுக்குத் துணி அசைவது மட்டும்தான் தெரியும்.

உனக்கும் மகன் ஒருவன் இருந்தான். ஒரே வாரிசு, அவன் தாய் முன்பே போய்விட்டாள். பிரம்போடுதான் ஷாப்புக்குள் வருவான். சுண்ணாம்பு அரித்துக் கால் புண்ணாகி உட்கார்ந்திருந்த ஓர் ஆளை எழுப்பி, அதே காலோடு குழிக்குள் இறக்கி நிற்க வைத்தான். நீ வாசலில் இருந்து பார்த்தாய். ஓடிப்போய் உன் கையாலேயே அந்த ஆளைத் தூக்கிக் கால் கழுவி விட்டாய். என்னிடம் மட்டும் சொன்னாய்: "அந்த நல்லவன் பண்ண தப்பை நான் பண்ண மாட்டேன். ஷாப்பு என் தங்கச்சி மகனுக்கு."

ஆனால் நம் மார்க்கத்தில் வாரிசல்லாத ஒருவனுக்கு மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கொடுத்துவிட்டுப் போக முடியாது. அதற்கு மேல் போனால் வாரிசு சம்மதிக்க வேண்டும். அதுவும் மவுத்துக்குப் பிறகு, கொடுத்தவன் கண்ணை மூடிய பின், சொல்லும் சம்மதம்தான் செல்லும். உன் மகன் சம்மதிப்பானா? என் எட்டணாவும் அந்தக் கேள்வியில்தான் தொங்கியது. அவன் முதலாளியாக உள்ளே வந்தால் ஆட்கள் போய்விடுவார்கள். ஆட்கள் போனால் குழியிலேயே தோல் அழுகும்.

நீ அதை முடிப்பதற்குள் உன் இடது பக்கமும் பேச்சும் ஒரே நாளில் விழுந்துவிட்டன. அதன்பிறகு நீ ஷாப்புக்கு வரவே இல்லை. விசித்திரம் என்னவென்றால், நீ இருந்த காலத்தைவிட ஷாப்பு அடக்கமாக நடந்தது. ஆட்கள் குரலைத் தாழ்த்திப் பேசினார்கள். நீ நிற்கும் இடத்தில், அந்தக் காசு இருந்த சுவரோரத்தில், ஒருவரும் நிற்கவில்லை, சுற்றிக்கொண்டு போனார்கள். ஏன் என்று ஒருவனைக் கேட்டேன். "மொதலாளி நிக்கிறாரே" என்றான். சொன்ன பிறகு அவனே திகைத்துப் போனான். தீவில் உட்கார்ந்து ராஜ்ஜியம் ஆண்ட அந்தத் திபேரியுஸின் ஞாபகம் எனக்கு வந்தது.

உன் கடைசிப் பகல். வெயில் ஜன்னலில் நின்றது. ஹக்கீம் உன் இடது மணிக்கட்டில் நாடி பார்த்துக்கொண்டிருந்தார். கால்மாட்டில் உன் மகன். நான் வலது பக்கம் உட்கார்ந்து போர்வைக்குள் கையை விட்டேன். ஆறுதலுக்குப் பிடிப்பதாக எல்லாரும் நினைத்திருப்பார்கள். குனிந்து உன் காதில் கேட்டேன்: "உன் எட்டணாவுல மகனுக்கு எத்தினி?"

என் ஒரு விரலைப் பிடித்தாய்.

ஓரணாவா? அதற்கு அவன் ஒருநாளும் சம்மதிக்க மாட்டான், கோர்ட்டுக்குப் போவான். நான் நாலு விரலை நீட்டினேன். உதறினாய். சாகக் கிடக்கிறவனுக்கு அவ்வளவு பலம் எங்கிருந்து வந்தது? பிறகு இரண்டைப் பிடித்தாய். நான் மறுபடி நாலு. உன் கை இறங்கி வரவில்லை. வாழ்நாளெல்லாம் உன்னோடு ஒரே பக்கம் நின்று பேரம் பேசியவன், அன்று முதல் தடவையாக எதிர்ப்பக்கம் உட்கார்ந்திருந்தேன், அதுவும் எனக்குப் பிடிக்காத உன் மகனுக்காக.

கடைசியில் உன் காதில் சொன்னேன்: "மயிரை மட்டும் கத்தரிப்பா. தோலை உரிக்காதே."

கை ஓய்ந்தது. வெறும் கையாகக் கிடந்தது. ஹக்கீம் நிமிர்ந்து, "போய்ட்டார்" என்றார். உன் மகன் தலையில் கைவைத்துக்கொண்டு கீழே உட்கார்ந்தான். உள்ளே பெண்கள் அழத் தொடங்கினார்கள். என் கை இன்னும் போர்வைக்குள் இருந்தது. எடுக்கப் போனேன்.

அப்போது நீ என் மூன்று விரலைப் பிடித்தாய்.

நிதானமாக, ஒவ்வொன்றாக, எண்ணிப் பிடிக்கிற பிடி. கை அதற்குள் குளிர்ந்திருந்தது. போர்வை அசைவதை உன் மகன் கண் விரியப் பார்த்தான். ஹக்கீம் பிடித்திருந்தது செயலற்ற பக்கத்து நாடிதானே என்று நான் பிறகு எனக்கே பலமுறை சமாதானம் சொல்லியிருக்கிறேன். இருக்கலாம். விரலை உருவி எடுக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

உன்னைக் குளிப்பாட்டும்போது வலது கை மட்டும் விரியவில்லை. வெந்நீர் ஊற்றினார்கள், நீவினார்கள், அசையவில்லை. சுற்றி நின்ற அத்தனை பேரும் தோல்காரர்கள். மடங்கிய அந்தக் கையைப் பார்த்து ஒவ்வொருவராகக் கிட்டே வந்து குனிந்தார்கள். துண்டுக்கு வெளியே அப்படி ஒரு பிடியை அவர்கள் யாருமே பார்த்ததில்லை. வாணியம்பாடித் தரகர் ஒருவர்தான் என் பக்கம் சாய்ந்து, "இன்னா பாய், யார்கூட பேரம்?" என்று மெல்லக் கேட்டார்.

"தள்ளுங்க, நான் விரிக்கிறேன்" என்று உன் மகன் வந்தான். உன் கைக்குள் தன் விரல்களை நுழைத்தான். ஒன்று போயிற்று. இரண்டு. மூன்று. நாலாவது போகவில்லை. அவன் முகம் வெளுத்தது. தோல்காரன் பெற்ற பிள்ளை. கை சொன்னது அவனுக்குப் புரிந்துவிட்டது.

"மூணு" என்றான். "எதுக்கு மூணு, சாச்சா?"

"உன் பங்கு. உன்னைப் பெத்த அத்தாவோட எட்டணாவுல உனக்கு மூணு. மீதியும் நிர்வாகமும் உன் அத்தை மகனுக்கு."

"நான் மாட்டேன்னா?"

"மாட்டேன்னு சொல்லலாம். உனக்கு அந்தப் பாத்தியதை இருக்கு" என்றேன். "என்கிட்ட சொல்லாதே. கையைப் பிடிச்சிருக்காரே, அவருக்குச் சொல்லு."

அவன் விரலை இழுத்துப் பார்த்தான். வரவில்லை. அவன் என்னைப் பார்த்தான், தரகரைப் பார்த்தான், கடைசியில் உன் முகத்தைப் பார்த்தான்.

"கபூல், சம்மதம்" என்றான்.

உன் கை விரிந்தது. வெந்நீர் வேலை செய்ய நேரம் பிடித்திருக்கும் என்று தரகர் சொன்னார். நானும் ஆமாம் என்றேன்.

உன் மகன் சொல் தவறவில்லை. இப்போது மேல்விஷாரத்தில் கடை வைத்திருக்கிறான். ஆட்களிடம் கை ஓங்குவதில்லை என்று கேள்வி. எனக்குத்தான் ஒன்று ஒட்டிக்கொண்டது. மண்டியில் யாரோடு துண்டு போட்டாலும், எதிராளியின் விரல் என் கையைத் தொடுமுன் வேறொரு கை வந்து மூன்று விரலைப் பிடித்துவிட்டுப் போகிறது. சில்லென்று. அதனால் மூன்றில் நிற்கிற பேரத்தை நான் முடிப்பதில்லை; விட்டுவிட்டு எழுந்துவிடுகிறேன். இதனால் எனக்கு நஷ்டம் உண்டு. போகட்டும்.

புதுக் குழிக்கு இன்று சுவர் எழுப்புகிறார்கள். காசை என்ன செய்வது என்று உன் தங்கை மகன் கேட்டான். ஈரச் சாந்தில் முகம் உள்பக்கமாக அழுத்தி, மேலே செங்கலை நானே வைத்தேன். அவன் மேலே பூசினான். நீ நிற்கும் இடம் அப்படியே இருக்கிறது. அந்தப் பக்கம் தொட்டி வைக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

நாம் பேசி முடித்தது முடித்தபடியே நடக்கிறது. எட்டணா எனக்கு. உன் எட்டணாவில் ஐந்தணா உன் தங்கை மகனுக்கு, நிர்வாகமும் அவனுக்கே. மூன்றணா உன் மகனுக்கு. வாசலைத் தாண்டிப் பிரம்பு வரக் கூடாது.