இருமிய கார்புரேட்டர்

அண்ணாச்சி,

பெட்ரோல் வாடை இன்னும் என் விரல்களில் இருக்கிறது. போன வாரம் மதினி நல்லூரில் உங்கள் வீட்டுக்குக் கூப்பிட்டு, "உங்க அண்ணாச்சி சாமான் ஒண்ணு ஊட்ல கெடக்குதுங்க. எனக்கு என்னன்னு தெரியலீங்க, நீங்களே கொண்டுபோயிருங்க" என்று ஒரு துணிப் பொட்டலத்தைக் கொடுத்தார். பிரித்தால் உங்கள் இத்தாலிக் கார்புரேட்டர்.

உங்களுடையது பனியன் கம்பெனி. அங்கே நான் மிஷின் மெக்கானிக். ஞாயிற்றுக்கிழமை வந்தால் முதலாளியும் இல்லை, மெக்கானிக்கும் இல்லை. இருவருமே உங்கள் டூ-ஸ்ட்ரோக் ரேஸ் வண்டிக்கு அடிமைகள். கோவையில் பழைய வண்டிகளுக்கு நடக்கிற பந்தயத்தில் ஒரு தடவையாவது முதலில் வர வேண்டும் என்பது உங்கள் ஆசை. சர்க்கரை கண்ணைத் தொட்டுவிட்டது, இதுதான் கடைசி என்று டாக்டர் சொல்லிவிட்ட வருடம் அது.

வண்டியோடு வந்த கார்புரேட்டரா, நீங்கள் ஆசைப்பட்டு வரவழைத்த இத்தாலிக்காரனா? உங்கள் சொந்த ஊர் கணியூருக்குக் கொண்டுபோய், தோப்புச் சாலையில் மாற்றி மாற்றி மாட்டி ஓட்டினோம். பழையது சாது. ஆக்சிலேட்டரை எங்கே திறந்தாலும் சீராக இழுக்கும்; நேர்ச்சாலையில் மட்டும் மூச்சு வாங்கும். இத்தாலி நேரில் பறந்தது, வளைவில் மூடித் திறந்தால் இருமியது. கழற்றி அலசி, கம்பெனியிலிருந்து அள்ளிவந்த நேவி ப்ளூ பனியன் வேஸ்ட் துணியால் துடைத்தோம். துடைக்கத் துடைக்க இருமல் கூடியது. ஊரெல்லாம் ஒர்க்‌ஷாப்புக்கு நம் ஊர் வேஸ்ட்தானே போகிறது, வேறு துணி நமக்குத் தோன்றுமா? பெட்ரோல் வருகிற ஊசித்துளை ஜெட்டை ஊதிப் பார்த்தோம். காற்று போனதால் அடைப்பில்லை என்று இருவருமே நம்பினோம்.

"இது நம்ம எஞ்சினுக்குப் பெருசு அண்ணாச்சி, பழசையே மாட்டுங்க" என்றேன்.

"இதுல ஏதோ சின்ன விசயந்தானுங்க, நமக்குப் புடிபட மாட்டேங்குது" என்றீர்கள். ஆனாலும் நம் வழக்கப்படி, வாதத்தில் தோற்றவர் வாய்விட்டுச் சொல்ல வேண்டியதையும் என் முகத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டீர்கள்: "நீங்க சொன்னதுதான் சரீங்க."

பழையதையே மாட்டிக்கொண்டு ஓடிய பந்தயத்தில் கடைசி நேர்ச்சாலை வரை நீங்கள்தான் முதலில். அங்கே ஒருவர் உங்களைத் தாண்டிப் போனார். ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டே, "கார்புரேட்டரு மேல குத்தமில்லீங்க, உக்காந்தவனுக்குத்தான் தொப்பை" என்று என்னைத் தேற்றினீர்கள். அதற்குப் பிறகு நீங்கள் பந்தயத்தில் ஏறவே இல்லை.

இன்று காலை சின்ன ஜெட்டைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தேன். ஓட்டை பாதிதான் தெரிந்தது. மெல்லிய கம்பியால் குத்தியதும் ஒரு துணுக்கு வந்தது. நேவி ப்ளூ பஞ்சு! வளைவில் மூடித் திறக்கும்போது பெட்ரோல் தருவது அந்த ஜெட்தான். நாளெல்லாம் பஞ்சைத் தின்று வாழ்ந்த நமக்கு, பஞ்சுதான் கண்ணில் படவில்லை.

நீங்கள் கண்ணை மூடும்போது என்னிடம் விட்டுப்போன வண்டியில் அதை மாட்டி, கணியூருக்கே கொண்டுபோனேன். தோப்பு வளைவில் மூடித் திறந்தேன். இருமவில்லை, அண்ணாச்சி. நேரே பறந்தது.

ஓரம் கட்டி எஞ்சினை அணைத்தேன். அந்தக் கடைசிப் பந்தயம் உங்களுடையது. இப்போது தோற்றவன் நான். சொல்ல வேண்டியது நாக்கு வரைக்கும் வந்துவிட்டது. தோப்பில் யாருமில்லை, சத்தமாகவே சொல்லியிருக்கலாம். ஆனால் முகத்தைப் பார்த்துச் சொல்வதுதானே நம் வழக்கம். சொல்லாமலே வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டேன்.