முடிகிற நாளும் முடியாத நாளும்

மார்ச் 3

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே மூன்று பேரும் நலம். நீயும் மாமாவும் சின்னவளும் நலம்தானே? போனில் சொல்லாமல் எதற்குக் கடிதம் என்று கேட்காதே. போனைக் கையில் கொடுத்தால் எனக்கு வாய் ஒட்டிக்கொள்கிறது. அம்மா வேறு பக்கத்திலேயே நின்று, "கேளு, அதையும் கேளு" என்று எடுத்துக்கொடுக்கிறாள்.

ஏழரை ஒரு சேதி கொண்டுவந்தார். அண்ணனைக் குளிப்பாட்டி நாற்காலியில் உட்கார வைக்க அரசு அனுப்புகிற உதவியாளர்தான் ஏழரை. காலை ஏழரைக்கு வருகிறாரே என்று உன் அருமைத் தம்பி வைத்த பெயர். "உன்னைப் பிடிச்ச ஏழரை, லேசுல விடுமா?" என்று அவரும் விட்டுக்கொடுக்காமல் பேசுவார். அன்று மட்டும் சிரிக்கவில்லை.

"விதியை மாத்தப் போறாங்களாம்மா. கட்டில்லருந்து நாற்காலிக்குத் தானா மாற முடிஞ்சவங்களுக்கு இனிமே ஆள் கிடையாதாம். வீடு வீடா வந்து பாத்து எழுதிட்டுப் போவாங்க" என்றார்.

அண்ணனுக்கு ஒரு நாள் முடிகிறது. மறுநாள் கால் இரண்டும் இழுத்துக்கொண்டு மரக்கட்டையாகிவிடுகிறது. அவன் மின்கம்பத்திலிருந்து விழுந்ததிலிருந்து இப்படித்தான் என்பது உனக்குத் தெரியும். இதை அவர்களிடம் எப்படிச் சொல்வது?

எனக்கு வேறொரு பயமும் இருக்கிறது. ஏழரை வருவதால்தான் நான் காலையில் கண்ணாடிக் கடைக்குப் போகிறேன். இப்போது லென்ஸின் விளிம்பைத் தேய்க்க முதலாளி என்னை விடுகிறார். பின்னறையில் வேலை, யாரிடமும் பேச வேண்டியதில்லை. பள்ளியை விட்ட பிறகு எனக்கென்று கிடைத்தது இது ஒன்றுதான். யோசனை சொல்.

உன் தங்கை

மார்ச் 11

அன்புள்ள ஊமைக்கோட்டானுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. இவ்வளவு பேசுவாயா நீ? மாமாவிடம் படித்துக் காட்டினேன், நம்பவே இல்லை.

பயப்படாதே, நான் சொல்கிறபடி செய். அவர்கள் வருகிற அன்று தம்பியைக் கட்டிலை விட்டு இறங்க விடாதே. பழைய சட்டையைப் போட்டுவிடு, சவரம் வேண்டாம். வீட்டைப் பளபளவென்று வைக்காதே என்று அம்மாவிடம் சொல். கேட்டதற்கெல்லாம் "முடியாதுங்க" என்று மட்டும் சொல்லுங்கள். எங்கள் அலுவலகத்தில் ஒருத்தி அவள் அப்பாவுக்கு இப்படித்தான் உதவியைத் தக்கவைத்துக்கொண்டாள். இதில் தப்பொன்றும் இல்லை. நல்லவர்களாக இருந்து நாம் என்ன கண்டோம்?

வேளைக்குச் சாப்பிடு. கண்ணைக் கெடுத்துக்கொள்ளாதே.

உன் அக்கா

மார்ச் 29

அன்புள்ள அக்காவுக்கு,

நீ சொன்னது எதுவும் நடக்கவில்லை. என்னைத் திட்டுவதற்கு முன்னால் முழுவதையும் படி.

உன் யோசனையை அண்ணனிடம் சொன்னேன். "உயிரோட இருக்கறவனைப் பொணமா நடிக்கச் சொல்றாளா உங்கக்கா?" என்று கேட்டுவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான். அம்மாவிடமும் சொல்லிப் பார்த்தேன். "வீட்டுக்கு ஒருத்தர் வரும்போது குப்பையா வெச்சிருக்கறதா? நாலு பேர் என்ன நினைப்பாங்க?" என்றாள். ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் விடுப்புச் சொல்லிவிட்டு ஜன்னல் கம்பி வரைக்கும் துடைத்தாள். புது விரிப்புப் போட்டாள். அண்ணன் சவரம் செய்துகொண்டு, நீ வாங்கிக் கொடுத்த நீலச் சட்டையைக் கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டான்.

அதிகாரி அம்மா வந்தது பதினோரு மணிக்கு. அதற்குள் ஏழரை வந்து கால்களை நீவிவிட்டு, குளிப்பாட்டி, எல்லாம் முடித்துவிட்டுப் போயிருந்தார். அன்று நல்ல நாள் வேறு.

"நாற்காலிக்கு மாற முடியுமா தம்பி?"

"முடியுமாவா? பாருங்க" என்று கையை ஊன்றி ஒரே வீச்சில் மாறிவிட்டான்.

"அடேயப்பா!" என்றார் அந்த அம்மா. நம் அம்மாவுக்கு முகமெல்லாம் பூரிப்பு. அவன் குழந்தையாக முதல் அடி வைத்தபோதுகூட அப்படிப் பார்த்திருக்க மாட்டாள்.

"தினமும் இப்படித்தானா?"

"பின்னே?"

நான் சமையலறை வாசலில் நின்றிருந்தேன். இல்லை என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. அவன் முகத்தைப் பார்த்தேன், அக்கா. அந்த முகத்தின் முன்னால் என்னால் சொல்ல முடியவில்லை.

அந்த அம்மா தெரு முனை தாண்டுவதற்குள் அவனுக்குக் கால் இழுத்துக்கொண்டது. இரண்டு நாள் எழுந்திருக்கவில்லை. நேற்று அலுவலகத்திலிருந்து தாள் வந்தது. புது விதி வந்ததும் உதவியாளர் நிறுத்தப்படுவார். ஆட்சேபம் இருந்தால் மறுபடி பார்க்கச் சொல்லிக் கேட்கலாம்.

உன் தங்கை

ஏப்ரல் 6

தங்கைக்கு,

தலையில் அடித்துக்கொண்டேன். படித்துப் படித்துச் சொன்னேனே! வீறாப்புக்கு ஒரு ஆள், பளபளப்புக்கு ஒரு ஆள், வாயே திறக்காமல் நிற்க நீ. ஒரு வார்த்தை, "இல்லைங்க" என்று ஒரே ஒரு வார்த்தை சொல்ல உனக்கு என்ன கேடு?

சரி, போனது போகட்டும். நீ வீட்டில்தானே இருக்கிறாய்? அந்தக் கண்ணாடிக் கடை என்ன, பெரிய உத்தியோகமா? விட்டுவிட்டுத் தம்பியைப் பார்த்துக்கொள். அம்மாவுக்கும் நிம்மதி. நான் வந்திருப்பேன், சின்னவளுக்குப் பரீட்சை நெருங்குகிறது. மாமாவுக்கும் ஓயாத வேலை.

கோபத்தில் எழுதிவிட்டேன். அழாதே.

உன் அக்கா

ஏப்ரல் 24

அன்புள்ள அக்காவுக்கு,

நான் அழவில்லை. அந்த அலுவலகத்துக்குப் போனேன். வரிசையில் நிற்கும்போது சொல்ல வேண்டியதை மனசுக்குள் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தேன். ஜன்னலுக்கு முன்னால் வந்ததும் எல்லாம் மறந்துபோய், "பதினோரு மணிக்கு வராதீங்க, காலையில ஏழரைக்கு முன்னாடி வாங்க" என்றேன். உள்ளே இருந்தவர் சிரித்தார். ஆனால் எழுதிக்கொண்டார்.

அண்ணன் என்னோடு பேச்சை நிறுத்திவிட்டான். "யாரைக் கேட்டுப் போனே?" என்று கேட்டதோடு சரி. பிறகு ஒருநாள் அவனாகவே கூப்பிட்டான். "வரட்டும். ஆனா நீ அறைக்குள்ள இருக்கக் கூடாது."

அதே அதிகாரி அம்மா ஏழு மணிக்கு வந்தார். முடியாத நாள். இரவே விரிப்பு நனைந்திருந்தது. அம்மா வேலைக்குப் போய்விட்டாள். யாரும் எதையும் மறைக்கவில்லை. நான் வெளியே படியில் உட்கார்ந்திருந்தேன், கதவு சாத்தவில்லை. அவன் கையை ஊன்றுவதும் சரிவதும் கேட்டது. மறுபடியும் ஊன்றினான். "போதும் தம்பி, போதும்" என்றார் அந்த அம்மா. "இருங்க, இன்னும் பாக்கலையே நீங்க" என்றான். பிறகு பொத்தென்று ஒரு சத்தம். நல்லவேளை, ஏழரை அப்போதுதான் தெருவில் வந்துகொண்டிருந்தார். ஓடிவந்து தூக்கினார்.

"அன்னிக்கு நீங்க பாத்தது பொய்யில்லைங்க. இதுவும் பொய்யில்லை" என்றான் அண்ணன்.

"எனக்குக் கொடுத்திருக்கறது ரெண்டே கட்டம்தான் தம்பி. முடியும், முடியாது."

"அப்ப ரெண்டுக்கும் நடுவுல இருக்கற கோட்டு மேல எழுதுங்க."

அந்த அம்மா வெளியே வந்தார். "பாத்ததை எழுதறேன்மா. மேல என்ன செய்வாங்கன்னு எனக்கே தெரியாது" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அக்கா, கடையை விடச் சொன்னாயே. அவனைத் தூக்கிப் பார்த்தேன், என்னால் முடியவில்லை. முடிந்தாலும் அவன் விட மாட்டான். "தங்கச்சி என்னைக் குளிப்பாட்டற நிலைமை வந்துச்சுன்னா, அன்னிக்கே நான் செத்ததுக்குச் சமம்" என்று ஏழரையிடம் சொல்லியிருக்கிறான். அந்த அறைக்குள் காலையில் என்ன நடக்கிறது என்று நீ ஒருநாளும் பார்த்ததில்லை. பரீட்சை முடிந்ததும் ஒரு தடவை வா.

உன் தங்கை

மே 30

அன்புள்ள அக்காவுக்கு,

போன கடிதத்துக்கு உன் பதில் வரவில்லை. போனிலும் அம்மாவிடம் மட்டும் பேசிவிட்டு வைத்துவிட்டாய். என்மேல் கோபமாக இருக்கும். இருக்கட்டும், சேதியைச் சொல்லிவிடுகிறேன்.

புது விதி வந்துவிட்டது. அண்ணனுக்கு வாரத்தில் மூன்று நாள் ஆள் உண்டு. அந்த மூன்று நாள் எவையென்று முன்கூட்டியே எழுதிக் கொடுக்க வேண்டுமாம், பிறகு மாற்ற முடியாதாம். "திங்கள், புதன், வெள்ளி மட்டும் இழுத்துக்கணும், புரிஞ்சுதா?" என்று அண்ணன் தன் காலைத் தட்டிச் சொன்னான். ஏழரை சிரித்துவிட்டு வெளியே போனார். வெகுநேரம் கழித்துத்தான் உள்ளே வந்தார், கண்கள் சிவந்திருந்தன.

மற்ற நாட்களில் யார் பார்ப்பார்கள் என்று குடும்பத்தில் ஒருவர் பெயரையும் எழுதித் தர வேண்டும். செவ்வாய், வியாழன், சனி என்று அம்மா தன் பெயரை எழுதினாள். வேலை நேரத்தை மாற்றிக்கொண்டிருக்கிறாள். மகனைக் குளிப்பாட்ட அவளுக்குக் கூச்சமில்லை. ஆனால் தனியாகத் தூக்க முடியாது. இரண்டு பேருமாக விரிப்போடு இழுத்து உட்கார வைத்துவிட்டு நான் கடைக்கு ஓட வேண்டும்.

ஞாயிறு யாருமில்லை. அன்று சலவைக்கூடத்தில் அம்மாவுக்கு முழுநாள் வேலை. கண்ணாடிக் கடையில் அன்றுதான் கூட்டம் அதிகம். "உன் பேரைப் போட்டுடு, வேற யாரு இருக்கா?" என்று அம்மா பேனாவை நீட்டினாள். அண்ணன் கேட்டுக்கொண்டுதான் இருந்தான். சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

நான் பேனாவை வாங்கவில்லை. நமக்கு அக்கா ஒருத்தி இருக்கிறாள் என்றேன். அந்த இடத்தை எழுதாமல் வைத்திருக்கிறோம். தாளை வெள்ளிக்கிழமை கொடுக்க வேண்டும்.

உன் தங்கை